ஒரு எண் போதும் என்றவர்

எங்கள் டன்ரே வானொலியில் காலை வானிலை வாசித்தவள் லோர்னா கீட்லி. நான் அங்கே தொலைபேசி எடுக்கும் வேலையில் இருந்தேன். நிலையமே இரண்டு அறைதான். நடுவில் ஒரு கண்ணாடி. அவள் ஒலிபரப்பில் பேசுவதும் எனக்குக் கேட்கும், ஒலிவாங்கியை அணைத்துவிட்டுப் பேசுவதும் கேட்கும்.

எழுபத்தைந்தாம் வருடம் ஏப்ரல் முதல் தேதி கனடா முழுக்க வெப்பநிலையைச் செல்சியஸில் சொல்லத் தொடங்கினார்கள். எங்கள் சஸ்காச்சுவான் மாகாணத்தில் பல நிலையங்கள் பழைய ஃபாரன்ஹீட்டையும் கூடவே சொல்லிச் சமாளித்தன. எங்கள் மேலாளர் கிளைவ் டால்பி, எது செய்யலாம் என்று லோர்னாவைக் கேட்டார். அவள் புதியதை மட்டும் சொல்வோம் என்றாள். ரெஜைனாவில் ஒரு பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் அவள். அம்மா இறந்த பிறகு அங்கே இருக்கப் பிடிக்காமல் எங்கள் ஊருக்கு வந்து, வெர்ன் டெய்ட்டின் இரும்புச் சாமான் கடைக்கு மேலே வாடகைக்கு இருந்தாள். "பூஜ்யத்துல தண்ணி உறையுது, நூறுல கொதிக்குது. இதைவிட நேர்மையா ஒரு கணக்கு வேணுமா?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டாள். உண்மையாகவே நம்பித்தான் சொன்னாள்.

முதல் வாரம் தொலைபேசி ஓயவில்லை. திட்டினார்கள், கிண்டல் செய்தார்கள், சிலர் ஒன்றும் பேசாமல் வைத்தார்கள். பிறகு அழைப்புகள் குறைந்தன, ஆனால் கோபம் குறையவில்லை. அது அவள் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. கறிக்கடையில் அவள் முறை வந்தால், "உங்களுக்குப் பவுண்டுல வெட்டணுமா, இல்ல அரசாங்கக் கணக்குலயா?" என்று கேட்டு, பின்னால் நிற்பவர்களைப் பார்த்துக் கண்ணடிப்பார் கடைக்காரர். மைலையும் ஏக்கரையும் அவள்தான் பிடுங்கிக்கொண்டு போக வந்திருக்கிறாள் என்பதுபோல நடந்துகொண்டார்கள். தேவாலயத்தில் அவளுக்குப் பக்கத்து இடம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். ஊர் முழுக்கத் தெரிந்த குரல் அவளுடையது, ஆனால் ஒரு வீட்டில்கூட அவளைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை.

ஒருவர் மட்டும் அழைப்பதை நிறுத்தவே இல்லை. ஐவர் ஹல்வர்சன். ஊருக்கு வடக்கே பன்னிரண்டு மைலில் அவருடைய கோதுமை நிலம். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகள் மலைகளுக்கு அந்தப் பக்கம் கெலோனாவில் இருந்தாள். வானிலை முடிந்து பாட்டு தொடங்கியதும் அவருடைய அழைப்பு வரும். லோர்னாவுக்கு இணைத்துவிட்டு, நானும் ரிசீவரை வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

முதல் நாள் அவர் கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "என்னம்மா, ராத்திரி நாப்பதுல படுத்தேன், காலையில நாலுல எழுந்திருக்கேன். நடுவுல முப்பத்தாறை யாரு தூக்கிட்டுப் போனா?"

"யாரும் தூக்கல, மிஸ்டர் ஹல்வர்சன். குளிர் அதே குளிர்தான்."

"அதே குளிர்னா எதுக்குப் பேரை மாத்துனீங்க?"

அவள் விளக்கினாள். அவர் மறுத்தார். கடைசியில், ஒலிபரப்பில் சொல்லாத ஃபாரன்ஹீட் எண்ணை அவருக்கு மட்டும் சொன்னாள். மறுநாளும் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும். தன் நிலம் ஒரு மைலுக்கு ஒரு மைல் என்றும், அரசாங்கம் வந்து ஓரத்தைச் செதுக்கப் போகிறதா என்றும் கேட்டார். செதுக்கினால் அந்தத் துண்டை எனக்குக் கொடுங்கள், நான் உருளைக்கிழங்கு போடுகிறேன் என்றாள் இவள். கோடை வருவதற்குள் எண்ணைக் கேட்பது முதல் நிமிடத்திலேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு கிணற்று மோட்டார் மக்கர் செய்வது, நாயின் காலில் ஏறிய முள், அவள் காலையில் என்ன சாப்பிட்டாள், அது ஒரு சாப்பாடா என்ற விசாரணை. வானிலைக்குப் பிறகு போட லோர்னா நீளமான இசைத்தட்டுகளாகப் பொறுக்கி வைப்பதை நான் கவனித்தேன். அவரை அவள் பார்த்ததே இல்லை. ஊருக்கு வந்தாலும் அவர் தானியக் கிடங்கோடு திரும்பிவிடுவார்.

ஜனவரியில் ஒரு காலை மைனஸ் நாற்பதுக்கு இறங்கியது. காற்றுகூட அசையவில்லை. பள்ளி உண்டா, சாலை திறந்திருக்கிறதா என்று கேட்டுப் பலர் கூப்பிட்டார்கள். தொலைபேசி அடித்த ஒவ்வொரு முறையும் லோர்னா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். அவர் இல்லை என்று நான் தலையசைத்தேன். நீளமான பாட்டு முடிந்தது. இன்னொன்று போட்டாள்.

உடம்புக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்றேன் நான்.

"இல்ல. மைனஸ் நாப்பதுல ரெண்டு கணக்கும் ஒண்ணாயிடும். அவருக்குக் கேக்க ஒண்ணும் இல்ல இன்னிக்கு."

"அப்ப நீங்களே கூப்பிடுங்களேன்."

"என்னன்னு சொல்லிக் கூப்பிடுறது?"

அவள் கை தொலைபேசி மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கோதுமை விலையை வாசிக்கப் போய்விட்டாள். அன்று மதியம் வேலை முடிந்தும் கிளம்பாமல், இசைத்தட்டு உறைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மாடி அறைக்குப் போக அவளுக்கு மனமில்லை என்று தெரிந்தது. என்னோடு வீட்டுக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். இன்னொரு நாள் என்றாள்.

மறுநாள் மைனஸ் முப்பத்தாறு. அவர் கூப்பிட்டார். உங்கள் கணக்கில் மைனஸ் முப்பத்துமூன்று என்றாள்.

"வெறும் மூணு டிகிரிக்கா இவ்வளவு சண்டை?" என்றார். பிறகு, "நேத்து இங்க ரொம்ப அமைதியா இருந்துச்சு" என்றார்.

"இங்கயும்தான்" என்றாள் லோர்னா.

மார்ச்சில் டால்பி பின்வாங்கத் தொடங்கினார். விளம்பரம் கொடுப்பவர்களே முணுமுணுக்கிறார்கள், ஊரைக் கூட்டிக் கேட்டுவிடுவோம் என்றார். ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் முன்னாள் படைவீரர் மண்டபத்தில் கூடினோம். நாற்காலி போதாமல் பலர் சுவரோரம் நின்றார்கள். வெர்ன் டெய்ட் எழுந்து, யாரும் புதியதை எடுக்கச் சொல்லவில்லை, பழையதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவ்வளவுதான் என்றார். நியாயமான பேச்சு. கை தட்டினார்கள்.

லோர்னா எழுந்தாள். இரண்டையும் சொன்னால் யாருடைய காதும் புதியதைக் கேட்காது, பிள்ளைகள் பள்ளியில் ஒன்று படித்து வீட்டில் வேறொன்று பேசுவார்கள் என்றாள். சொற்கள் போன ஏப்ரலில் சொன்னவைதான். ஆனால் குரலில் அப்போதைய தெளிவு இல்லை, ஒரு பதற்றம் இருந்தது. செல்சியஸ் அவளுக்கு எப்போதோ இரண்டாம் பட்சமாகிவிட்டது. எதற்காக அவள் அந்தக் கூட்டத்தின் முன்னால் நிற்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

"எங்களுக்குப் பாடம் எடுக்க உங்கள யாரு கூப்பிட்டது?" என்று ஒருவர் கேட்டார். மண்டபமே சிரித்தது. அவள் உட்காரவில்லை.

அப்போது பின்னாலிருந்து, "நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஒரு குரல். லோர்னா சட்டென்று திரும்பினாள். தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒல்லியான ஒரு மனிதர். குரலை வைத்துத்தான் அவள் அவரை அடையாளம் கண்டாள்.

தானியக் கிடங்கில் ஒரு வருடமாக இந்த விஷயத்தில் எல்லாரையும்விடச் சத்தம் போட்டவர் ஹல்வர்சன்தான். அதனால் ஊரே வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது.

"ஒரு எண் போதும்" என்றார் அவர். "இருக்குற மாதிரியே இருக்கட்டும். இன்னொண்ணு தெரியணும்னா ஃபோன் பண்ணிக் கேட்டுக்கலாம்."

டெய்ட் நாற்காலியில் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஐவர், போன வாரம் கிடங்குல நீ என்ன பேசுனே?"

"போன வாரம் பேசுனது போன வாரம்."

"உன்னைக் காசு கொடுத்து வாங்கிட்டாங்களா?" என்று யாரோ கேட்க, மறுபடி சிரிப்பு. அவர் காது மடல் சிவந்தது. ஆனாலும் நின்றுகொண்டே இருந்தார். ஒரே எண் போதும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார் டால்பி. ஹல்வர்சனின் கை, லோர்னாவின் கை, பிறகு என் கை. வேறு ஒன்றும் எழவில்லை.

கூட்டம் முடிந்து காப்பி ஊற்றினார்கள். கோப்பையோடு இருவரும் ஜன்னல் பக்கம் ஒதுங்கி நின்றார்கள். குரலுக்கு நீங்கள் இன்னும் உயரமாக இருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றார் அவர். அவள் சிரித்தாள். நாயின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஆறிவிட்டது என்றார். அதோடு பேச்சு நின்றுபோனது. தினமும் பாட்டு முடியும் வரை பேசியவர்கள், நேரில் ஒருவர் கோப்பையை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாடுகளுக்குத் தீனி போடணும் என்று சொல்லித் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவர் வெளியே போனார்.

வாசலில் அவருடைய டிரக் எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. டிரக் மட்டும் நகரவில்லை. லோர்னாவுக்கும் அது கேட்டிருக்கும், கதவைப் பார்த்தபடியேதான் இருந்தாள். ஆனால் போகவில்லை. காப்பி ஆறியது. பிறகு டிரக் வடக்கே போகும் சத்தம்.

திங்கட்கிழமையிலிருந்து இரண்டு எண்களும் வாசித்தாள். ஊர் அவளை மன்னித்துவிட்டது. கறிக்கடைக்காரர் எலும்புத் துண்டு ஒன்றைச் சும்மா சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். டெய்ட்டின் மனைவி ஒரு ஞாயிறு சாப்பிடக் கூப்பிட்டாள், இவளும் போய்வந்தாள். வானிலைக்குப் பிறகு என் மேசைத் தொலைபேசி பேசாமல் கிடந்தது. முதலில் சில நாள் அவள் நீளமான பாட்டுகளையே போட்டாள். பிறகு கையில் கிடைத்ததைப் போட்டாள். கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் கூப்பிட அவருக்குக் கூச்சம். இவளுக்கும் அதேதான். அவருடைய எண் எனக்கு மனப்பாடம், சுற்றித் தரட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். வேண்டாம் என்றாள், கோபமில்லாமல்.

அந்த வருட அறுவடை முடிந்ததும், ஹல்வர்சன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகளிடம் போய்விட்டதாகத் தபால் நிலையத்தில் பேசிக்கொண்டார்கள். நான்தான் லோர்னாவிடம் சொன்னேன். கையிலிருந்த இசைத்தட்டை உறைக்குள் போட்டாள்.

"நாயையும் கூட்டிட்டுப் போயிருக்காரா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொன்னார்கள் என்றேன்.

"அங்க எப்படி, குளிர் ரொம்ப இருக்குமோ?"

ஏரிக்கரை ஊர், ஆப்பிள் விளைகிற இடம், நம் குளிர் அங்கே வராது என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டு ஒலிவாங்கிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சில நாள் கழித்து, ரெஜைனா, சஸ்கட்டூன், வினிபெக் என்று அவள் வாசிக்கும் வெளியூர் வரிசையில் கெலோனாவும் சேர்ந்தது. எங்கள் நேயர்களில் பாதிப் பேருக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. எதற்கு என்று டால்பி கேட்டார். சும்மாதான் என்றாள். நான் அந்த வேலையை விடும் வரைக்கும் தினமும் காலையில் அதை வாசித்தாள். அங்கே பெரும்பாலும் இதமாகவே இருந்தது.