வேண்டாம் எந்தப் பக்கம்?

அந்த ஆபீஸில் இருந்ததே இரண்டு பேர்தான். ஒருவர் அத்தான், இன்னொருவன் அவர் மனைவியின் தம்பி. பல் டாக்டரம்மாவுக்கு அப்பாயின்ட்மென்ட் புரோகிராம் எழுத வேண்டும். அவர் கிளினிக்கின் முன்னறையில் விண்டோஸ், உள்ளறையில் மேக், இரண்டிலும் அது ஓட வேண்டும். திரையை அமைத்துத் தரும் டூல்கிட்களில் எதில் எழுதுவது என்று ஒரு வாரமாக ஒரே ரகளை.

அத்தானுடைய டூல்கிட் ஜன்னல், பட்டன் எல்லாவற்றையும் தானே வரைந்துகொள்ளும். எங்கே போனாலும் ஒரே முகம். மைத்துனனுடையதோ அந்தந்தக் கம்ப்யூட்டரின் பட்டன்களையே வாங்கிப் போட்டுக்கொள்ளும். ஆளுக்கொரு மாதிரிப் புரோகிராம் எழுதி டாக்டரம்மாவிடம் காட்டுவது, தோற்றவர் ஜெயித்தவரிடம் உட்கார்ந்து அ, ஆவிலிருந்து பாடம் கேட்பது என்று முடிவாயிற்று. தம் கல்யாணத்தில் அரை டிராயரோடு ஓடித் திரிந்த பொடியனிடம் பாடமா?

அதனால் அத்தான் ஒரு வேலை செய்தார். மைத்துனனின் மாதிரியில் "அழி" பட்டன் விண்டோஸில் இடப்பக்கம் வரும், மேக்கில் "வேண்டாம்" பட்டனோடு இடம் மாறி வலப்பக்கம் போய்விடும்; அத்தானுடையதில் இரண்டிலுமே இடப்பக்கம்தான். அங்கே மாட்டிவிட்டால் பயல் காலி!

"டாக்டரம்மா, ஒரு பேரை அழிக்கப் போயிட்டு, கடைசி நிமிஷத்துல வேண்டாம்னு அழுத்திப் பாருங்க," என்றார் தேனொழுக.

டாக்டரம்மா தம் மேக்கின் முன் உட்கார்ந்தார். வாசலில் நின்ற நர்ஸிடம் பேசிக்கொண்டே, திரையைப் பார்க்காமல், மைத்துனனின் மாதிரியில் இடப்பக்கம் ஒரு தட்டு தட்டினார். பெயர் அப்படியே இருந்தது. அத்தானின் மாதிரியிலும் அதே இடத்தில் அதே தட்டு. பெயர் போயே போச்சு.

"ஐயையோ, என்னங்க இது?"

"கொஞ்சம் பார்த்து அழுத்தணும்மா..."

"எத்தனையோ வருஷமா இதுல 'வேண்டாம்' இடது பக்கம்தான் இருக்கு. உங்களுதுல மட்டும் ஏன் மாறிக் கிடக்கு?"

இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவே நாளெல்லாம் அல்லாடுவது தாம் மட்டும்தான், ஊரில் மற்றவர்கள் ஒன்றே ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அத்தானின் புத்திசாலி மண்டைக்கு அதுவரை உறைக்கவே இல்லை. மைத்துனன் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான்.

மறுநாள் காலையில் அத்தானின் திரையில் ஒரு குட்டி ஜன்னல் காத்திருந்தது: "பாடத்தை ஆரம்பிக்கலாமா அத்தான்?"

இந்தத் தடவை ஏமாறுவாரா? கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பட்டன்களை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

இடப்பக்கம், "சரி". வலப்பக்கமும் "சரி".