குழாயில் ஐஸ் இருப்பதாக ஒரு மனு

நான் இங்கிலீஷ் கற்றுக்கொண்டது 2009-இல். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்த பிரவுசிங் சென்டரில், சாப்பாட்டு இடைவேளைகளில். எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் இலவசமாக நடத்திய இணையதளம். மொத்தம் முப்பது பாடம். ஒவ்வொன்றும் முடிந்ததும் பரீட்சை வைத்து மார்க் போடுவான். ஒன்பதாம் பாடத்தில் நான் சொந்தமாக ஒரே ஒரு வார்த்தை சேர்த்ததற்குப் பத்துக்கு சைபர் போட்டான். ரோஷக்காரி நான். இனி அவன் சொன்னதைத் தாண்டி ஒரு புள்ளிகூட வைப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த நேரம் பார்த்து அமிர்தம் அண்ணி வந்து நின்றார். என் அண்ணன் மனைவி. சிதம்பரம் பக்கம் கடலோரக் குப்பத்தில், சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு. வாசலில் தெருக்குழாய் நட்டு இரண்டு வருஷம் ஆகியும் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை. ஒன்றரை கிலோமீட்டர் குடம் சுமந்து அண்ணிக்கு இடுப்பே போய்விட்டது. தமிழில் நாலு மனு கொடுத்தும் பதிலில்லை.

"இங்கிலீஷ்ல எழுதிக் குடு வினோதினி. நீதான் படிக்கிறியே."

பதினேழாம் பாடத்தில் குடிநீர்க் குழாய் பற்றிய புகார்க் கடிதம் ஒன்று மாதிரிக்கு இருந்தது. சிவப்பு எழுத்தை மட்டும் மாற்று, கறுப்பைத் தொடாதே என்று மேலே போட்டிருந்தான். பெயர், தெரு, ஊர், தேதி சிவப்பில் இருந்தன. மாற்றினேன். கடும் குளிரில் குழாய்க்குள் தண்ணீர் ஐஸாக உறைந்துவிட்டது, தெருவே தவிக்கிறது என்பதெல்லாம் கறுப்பு. எழுதியதை அண்ணிக்குத் தமிழில் சொன்னேன்.

"ஐஸா? ஐஸ் கெடைச்சா மீனுக்குப் போட்டுக்க மாட்டமா? அதுக்கு எதுக்கு மனு?"

"அது கறுப்பு எழுத்து அண்ணி. தொடக்கூடாது."

"தொட்டா?"

"சைபர்."

அண்ணி பயந்துவிட்டார். "அப்ப இருந்துட்டுப் போவட்டும், உடு."

கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்கும் நாளில் வரிசையில் நின்று கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் பதில் வந்துவிட்டது. தங்கள் குழாயில் ஐஸ் உள்ளது குறித்து சிதம்பரத்திலிருந்து பொறியாளர் வியாழன் காலை பத்து மணிக்கு நேரில் ஆய்வு செய்வார். மனுவில் கண்டபடி இல்லாவிட்டால் மனு தள்ளுபடி செய்யப்படும்.

தண்ணீர் இல்லை என்று நாலு தடவை கெஞ்சியபோது அசையாதவர்கள், ஐஸ் என்றதும் ஜீப் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அண்ணிக்கு வேறு கவலை.

"மனுவுல கண்டபடி இருக்கணும்னு போட்டிருக்கே."

குப்பத்தில் கூட்டம் போட்டார்கள். ஆய்வுக்கு வருகிறவர் முன்னால் ஊர் பொய்யாகக் கூடாது என்று ஒருமனதாக முடிவானது. ஐஸ் கம்பெனியில் வேலை செய்யும் பூவரசன் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோணியில் சுற்றி அரை பார் ஐஸ் கொண்டுவந்தான். குழாயின் தலையைக் கழற்றி, கரைந்தது கீழே போய்விடாமல் உள்ளே துணியை அடைத்தான். மேலே உடைத்த ஐஸை அண்ணியே தன் கையால் அள்ளி அள்ளித் திணித்தார். லீவு போட்டுப் போயிருந்த நானும் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். எழுதியவள் நான்.

பத்தாயிற்று. பதினொன்று, பன்னிரண்டு. ஆனி வெயில் மண்டையைப் பிளந்தது. ஜீப் வந்தபோது மணி ஒன்றேகால்.

"சிதம்பரத்துல தேரு. வண்டிய உட மாட்டேன்னுட்டாங்க" என்றபடி பொறியாளர் இறங்கினார். நேராகப் போய்க் குழாயைத் திறந்தார்.

தண்ணீர் வந்தது.

உள்ளங்கையில் பிடித்துக் குடித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "ஜில்லுனு இருக்கே! எங்க வீட்டுல இப்டி வராது. ஐஸ் எங்க?"

"இப்பதான் சார் கரைஞ்சிது" என்றான் பூவரசன்.

"அப்ப சரி. போதும், தண்ணிய வேஸ்ட் பண்ணாதீங்க" என்று குழாயை மூடினார். ஜீப் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து எழுதினார். ஐஸ் கரைந்து தண்ணீர் சீராக வருகிறது. குறை தீர்ந்தது. அதன் கீழே மனுதாரர் கையெழுத்துப் போட வேண்டும்.

அண்ணி என்னைப் பார்த்தார். நாங்கள்தான் திணித்தோம் என்று சொன்னால் ஊர்மேல் கேஸ் வரும். சொல்லாவிட்டால் தண்ணீர் போச்சு. அண்ணி கையெழுத்துப் போட்டார்.

ஜீப் போனதும் கூட்டம் கலைந்தது. பூவரசன் கோணியை உதறி எடுத்துக்கொண்டு போனான். அண்ணி குழாயைத் திறந்தார். ஒரு சொம்பு அளவு வந்து நின்றுவிட்டது. அதை உள்ளே கொண்டுபோய் மூடி வைத்தார்.

திரும்பி வரும்போது இடுப்பில் பெரிய குடம் இருந்தது. அதைக் குழாயடியில் வைத்து, வாயை நேராகத் திருப்பி, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணி, ஐஸ் வச்சதே நீங்கதான்."

"தெரியும்" என்றார். "அதான் எழுதிட்டாரே, சீரா வருதுன்னு. கொஞ்சம் பாப்பமே."