தரையில் வைத்த கோப்பை

காலையில் கண் விழித்ததும் கச்சா எண்ணெய் விலையைப் பார்த்துவிட்டுத்தான் கல்ஃபான் மற்ற காரியம் பார்ப்பார். அபுதாபியின் தாஸ் தீவு எண்ணெய் நிலையத்தில் ஆயுசில் பாதியைக் கழித்தவரிடம் அந்தப் பழக்கம் ஓய்வு பெறவில்லை. விலை ஏறினால் வீட்டுக்குப் புது சோபா வரும். இறங்கினால் பழைய சோபாவுக்கு உறை வரும். அந்த வாரம் விலை மளமளவென்று இறங்கியது; நோன்புப் பெருநாள் கழித்து மகள் மௌஸாவுக்குக் கல்யாணம்.

"ஒரு வருஷம் தள்ளிப் போடச் சொல்லப்போறேன்" என்றார்.

"எனக்குக் கல்யாணம் ஹாரிபோடயா, எண்ணெய்க் கிணத்தோடயாப்பா?" மௌஸாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏற்கெனவே ஒரு தடவை தள்ளியாச்சு. மறுபடி போய்க் கேட்டா வேற பொண்ணு பாத்துருவாங்க."

"உனக்கென்ன தெரியும்? எண்பத்தாறுல விலை விழுந்தப்போ எங்க கல்யாணமே தள்ளிப் போச்சு. கட்டிக்கிட்டிருந்த வீடெல்லாம் பாதியில நின்னுச்சு."

மாலைத் தொழுகை முடிந்து சம்பந்தி முசப்பஹ் வீட்டு வரவேற்புக் கூடமான மஜ்லிஸுக்குப் போனார். கூடம் நிறைய ஆண்கள். கையில் கொடுத்த கஹ்வா காப்பியைக் குடிக்காமல் கோப்பையைத் தரையில் வைத்தார். எல்லார் பார்வையும் அவர் பக்கம் திரும்பியது. கோப்பையைக் கீழே வைத்தால், வந்தவருக்கு ஏதோ வேண்டும் என்று அர்த்தம்.

"குடிங்க அபூ மௌஸா. எது கேட்டாலும் தந்தாச்சு" என்றார் முசப்பஹ், மௌஸாவின் அப்பா என்று மரியாதையாக அழைத்து, என்ன ஏது என்று கேட்காமலே.

இவ்வளவு தங்கமான மனுஷனிடம் இதைக் கேட்க நாக்கு எழவில்லை. சுற்றி வளைத்தார். "நிலைமையைப் பாத்தீங்களா? இன்னிக்கு விலை என்னன்னு தெரியும்தானே?"

"எதோட விலை?" என்றார் முசப்பஹ்.

"எண்ணெயோடது!"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

"இறங்கியிருக்கா மாமா? நல்லதாச்சே, பெட்ரோல் போடறப்போ மிச்சம்" என்றான் மாப்பிள்ளை ஹாரிப். அல் ஐனில் விமான இறக்கைக்குப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் அவன் பொறியாளன். "எங்களுக்கு அதைப் பாக்க எங்க நேரம்? ஆர்டர் கழுத்தை நெரிக்குது."

"என்னை அலுமினியம் கேட்டு ஜப்பான்காரன் தூங்க விட மாட்டேங்கறான்" என்றார் அவன் சித்தப்பா.

"என் ஹோட்டல்ல சொந்த மச்சானுக்கே ரூம் இல்லன்னு சொல்லிட்டேன். வீட்ல மூணு நாளா சோறு இல்ல" என்றார் இன்னொருவர். கூடமே சிரித்தது.

கல்ஃபான் சிரிக்கவில்லை. எண்பத்தாறில் இதே மாதிரி ஒரு கூடத்தில் அத்தனை பேரும் விலையை மட்டுமே பேசிக்கொண்டு, முகம் வெளிறி உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அந்தப் பயத்தை இந்தப் பிள்ளைகள் கண்டதே இல்லை. அதைக் காணாமல் வளர்கிற மாதிரி ஊரைக் கட்டியிருக்கிறார்கள், தானும் அதற்குக் கல் சுமந்தவன்தான் என்று தோன்றியபோது அவருக்குப் பெருமையாக இருந்தது.

"கஹ்வா ஆறுது. கேக்க வந்ததைக் கேளுங்க" என்றார் முசப்பஹ்.

"கல்யாணத்தை ரமலானுக்கு முன்னாடியே வெச்சுக்கலாமா?"

"மண்டபம் கிடைக்கணுமே! ஊரே கல்யாணம் பண்ணுது" என்று முசப்பஹ் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். கல்ஃபான் ஆறிப்போன கஹ்வாவை ஒரே மடக்கில் குடித்தார்.

காரில் ஏறியதும் மகளை அழைத்தார்.

"முன்னாடியேவா?" மௌஸாவால் நம்ப முடியவில்லை. "விலை ஏறிடுச்சாப்பா?"

"தெரியலம்மா" என்றார். "பாக்கல."