இருபத்தோரு படிகள்

நான்காவது படியிலேயே உண்ணாமலை உட்கார்ந்துவிட்டாள். பட்டாவில் பெயரைத் திருத்தக் கொண்டுவந்த மனு மடியில் கிடந்தது.

"என்னால ஆவாது தொரை. முட்டி கழண்டு வுழுந்துரும் போல இருக்கு."

அக்கா அப்படிச் சொன்னதும் சாமிதுரைக்குச் சுருக்கென்றது. பெரம்பலூரின் இந்த மக்கள் குறைதீர் மாளிகையை வரைந்தவர் அவர்தான். நூலகம், நீதிமன்றம், மருத்துவமனை என்று நாடெங்கும் முப்பது கட்டடங்கள் எழுப்பி விருதுகள் வாங்கியவர். ஆனாலும் பேட்டி எடுக்க வருகிறவர்களிடம் இந்த இருபத்தோரு படிகளைப் பற்றித்தான் ஓயாமல் பேசுவார். செந்துறையில் பண்ணை வேலை செய்த அப்பா அமாவாசை, தாலுகா ஆபீசின் கொல்லைப்புறச் சன்னலுக்கு வெளியே நின்று மனுவை நீட்டியதை ஏழு வயதில் பார்த்தவர் அவர். அதனால் இங்கே பின்வாசலே வைக்கவில்லை. கூலிக்காரனும் கலெக்டரும் முன்பக்கமாக, நிமிர்ந்து ஏறித்தான் போகவேண்டும்.

திறந்த 1998இலிருந்து இந்த எட்டு வருஷத்தில் விழாக்களுக்கு மட்டுமே வந்திருக்கிறார். அன்றைக்கெல்லாம் படிகளில் கம்பளம் விரித்திருக்கும். இன்று படிக்குக் கீழே, வெயிலில், ஊன்றுகோலும் கட்டுப்போட்ட காலுமாக நாற்பது பேர் நின்றார்கள். காவலாளி ஒரு பிளாஸ்டிக் வாளியோடு இறங்கி வந்தான்.

"ஏற முடியாதவங்க மனுவ இதுல போடுங்க. போட்டுட்டுக் கெளம்புங்க."

உண்ணாமலை மனுவைப் போடவில்லை. தம்பியைப் பார்த்தாள்.

"அப்பாவுக்காச்சும் சன்னல் இருந்துச்சு. உள்ள இருக்கறவன் மூஞ்சி தெரிஞ்சுது."

சாமிதுரை இரண்டிரண்டு படியாக ஏறினார். யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. உள்ளே பராமரிப்புப் பொறியாளர் கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்டு எழுந்து கும்பிட்டார்.

"சாய்வுப் பாதை போடணும்னு ஒருத்தனுக்குமா தோணல? மனுசங்களாய்யா நீங்கள்லாம்?"

"கேட்டோமே சார்." கிருஷ்ணமூர்த்தி பீரோவிலிருந்து கோப்பை எடுத்து விரித்தார். "நீங்கதான் கூடாதுன்னுட்டீங்க."

2001ஆம் வருஷத்துக் கடிதம். முகப்பின் கம்பீரம் குலைவதை ஒருபோதும் அனுமதிக்க முடியாது என்று எழுதியிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து. அதை எழுதி முடித்து, உதவியாளர்களைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டியதுகூட நினைவுக்கு வந்தது.

"இப்ப சொல்றேன். போடுங்க."

"எழுதிக் குடுங்க சார். மேல அனுப்பி, உத்தரவு வர ஒரு வருசமாவது ஆவும்."

சாமிதுரை கோப்பை வீசிவிட்டு வெளியே வந்தார். பூச்செடிப் பாத்தி ஓரத்தில் கிடந்த செங்கல் துண்டைப் பொறுக்கினார். மேல்படியில் மண்டியிட்டு, சாய்வுப் பாதை வரவேண்டிய இடத்தைக் குறிக்கக் கருங்கல்லில் அழுத்திக் கோடு இழுத்துக்கொண்டே ஒவ்வொரு படியாக இறங்கினார்.

"யோவ் பெரியவரே, என்னய்யா கிறுக்குற?" காவலாளி ஓடிவந்தான். "இது யாரு கட்டுன பில்டிங்னு தெரியுமா? அழிய்யா!"

சாமிதுரை நிமிரவில்லை. விரல் தோல் உரிந்து எரிந்தது. அக்காவைத் தாண்டிக் கோட்டைத் தரைவரை கொண்டுவந்தார். சக்கரப் பலகையில் உட்கார்ந்திருந்த ஒருவர் கையை ஊன்றி உருண்டு வந்து, கோட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"இது பத்தாதுங்க, செங்குத்தா இருக்கு. இன்னும் தள்ளிப் போடுங்க."