ஐந்தாவது போல்ட்

கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயிண்டரம்மா நான்கு கிலோ டிரில்லிங் மெஷினைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கடைச் சுவரைப் பார்த்து நின்றாள். நாற்பதாவது நொடியில் வலது தோள் நடுங்கியது. பதினெட்டு வருடமாக ஊரார் வீட்டு உட்கூரைகளுக்கெல்லாம் வெள்ளை பூசிய தோள், அதுவும் எத்தனை நாளைக்குத்தான் சொன்னபடி கேட்கும். மெஷினை இறக்கி வைத்தாள்.

"யானை பலம் மேடம் இது," என்றார் கடைக்காரர்.

"யானைய யாரு தூக்குறது?"

அடுத்து வந்தது ஒரு கிலோதான் இருந்தது. கைக்கு இதமாக இருந்தாலும் அது சுற்றுமே தவிர இடிக்காது. மரத்துக்கு ஆகும், பாறையில் வைத்தால் பாறைக்கு முதுகு சொறிந்துவிட்டது போலத்தான். மூன்றாவது இரண்டு கிலோ, இடித்துக்கொண்டே சுற்றுவது. பெயிண்டரம்மா பையிலிருந்து தலையளவு கல்லொன்றை எடுத்துத் தரையில் வைத்தாள். ஞாயிறுகளில் அவள் கயிறு கட்டி ஏறுகிற பாறையின் அடியில் கிடந்த கல். கூட வந்த நாத்தனார் அதை இரண்டு காலாலும் மிதித்துக்கொள்ள, துளை ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிட்டது. கல்லோடு கடைக்கு வந்த ஆளை இன்றுதான் பார்க்கிறேன் என்று கடைக்காரர் சிரித்தார். பேட்டரி சிறியது, எட்டுத் துளைக்கு மேல் தாங்காது என்று நியாயமாக எச்சரிக்கவும் செய்தார்.

"எனக்கு ஒன்னு போதும்," என்று பெயிண்டரம்மா வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

நாத்தனார் கல்லிலிருந்து இறங்கினாள். "ஒன்னா? நம்ம பாதைக்குப் பத்து போல்ட்டும் அடிச்சாச்சே அண்ணி."

அந்தப் பாதையில் முதலில் ஏறப்போகிறவளே நாத்தனார்தான். விழுந்தால் அவளைத் தாங்கும் கயிறு, பாறையில் அடித்த போல்ட்டில்தான் தொங்கும்.

கடைக்காரர் ரசீது எழுத உள்ளே போனதும் பெயிண்டரம்மா எல்லாவற்றையும் சொன்னாள். இரவல் வாங்கிய கனமான மெஷினால் ஐந்தாவது துளை போடும்போது தோள் செத்துவிட்டது. துளை எவ்வளவு ஆழம் என்று தெரிய, துளைக்கும் கம்பியில் டேப் ஒட்டியிருப்பாள். டேப் பாறையைத் தொட்டால் ஆழம் போதும். தொடவில்லை. டேப்பை உரித்து ஒரு விரற்கடை கம்பியின் முனைப் பக்கம் தள்ளி ஒட்டினாள், அப்புறம் தொட்டது, துளை மட்டும் ஆழமாகவில்லை. பெயிண்ட் அடிக்கும் சுவரில் டேப் ஒரு நூல் கோணினாலும் உரித்துவிட்டு மறுபடி ஒட்டுகிறவள், அன்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து ஞாயிறு வந்தாலே ஏதாவது சாக்கு. ஒரு வாரம் தலைவலி, ஒரு வாரம் மழை, ஒரு வாரம் அவசர வேலை என்று தட்டிக்கழித்தாள்.

"தாங்கியிருக்குமா?" என்றாள் நாத்தனார்.

"தெரியல."

நாத்தனார் கல்லில் புதிதாக விழுந்த துளைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள்.

"மூணு வாரமா சாக்கு சொன்னீங்களே, இனிமே என்கூட ஏறப் பிடிக்கலையோன்னு நெனச்சேன். அண்ணன்கிட்டகூடக் கேட்டுட்டேன்."

"உன்ன அதுல ஏத்த மனசு வரல. சொல்லவும் வாய் வரல."

"நல்லாத்தான் இருக்கு உங்க கூத்து," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள் நாத்தனார். இவ்வளவு லேசான திட்டுதான் கிடைக்குமென்று தெரிந்திருந்தால் பெயிண்டரம்மா முதல் வாரமே சொல்லியிருப்பாள்.

ஞாயிறு காலை, கம்பியைப் போல்ட்டோடு சேர்த்துவைத்து அளந்து டேப்பை ஒட்டியது நாத்தனார்தான். பெயிண்டரம்மா மேலிருந்து கயிற்றில் இறங்கி, பழைய போல்ட்டை அறுத்து எடுத்தாள். அதற்கு ஒரு சாண் தள்ளி, பாறை துருத்தி நிற்கும் இடத்தில் கையை நீட்டித் துளைத்தாள். தோள் முனகியது, ஆனால் கைவிடவில்லை. டேப் பாறையில் பட்டுக் கசங்கிய பிறகும் மனம் கேட்காமல் ஒரு நொடி கூடுதலாக அழுத்தினாள். தூசியை ஊதித் தள்ளிவிட்டுப் போல்ட்டை அடித்து இறக்கினாள்.

மதியம் நாத்தனார் ஏறினாள். கீழே பெயிண்டரம்மா கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தாவது போல்ட்டில் கொக்கி 'டிக்'கென்று பூட்டியது. நாத்தனார் நட்டைப் பெருவிரலால் ஒருமுறை தடவினாள்.

"அண்ணி, கயித்த இறுக்குங்க."

இறுக்கினாள். நாத்தனார் அவளைக் குனிந்து பார்த்துவிட்டு, பாறையிலிருந்து இரண்டு கையையும் எடுத்தாள். முழு எடையையும் அந்தப் போல்ட்டில் போட்டு, காலை ஆட்டிக்கொண்டு தொங்கினாள்.