விரலுக்குத் திரும்பிய பிள்ளை

முத்துராணியின் மகள் கலையரசிக்கு ஒரு வயது ஆகிவிட்டது, காது கேட்கவில்லை. அது முத்துராணி ஒருத்திக்குத்தான் தெரியும். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால், மடியில் இருக்கும் பிள்ளையின் முதுகில் விரலால் லேசாக அழுத்துவாள். வலப்பக்கம் அழுத்தினால் பிள்ளை வலப்பக்கம் திரும்பும். முக்கூடலில் பீடி சுற்றிப் பழகிய விரல், யார் கண்ணுக்கும் படாது. பொய்தான். ஆனால் அவளுடைய சித்தப்பா வாய் பேசாதவர். விஷயம் தெரிந்தால் புருஷன் வீட்டில் உன் வம்சம்தான் காரணம் என்று கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார்களே, பாவம், அவள் என்னதான் செய்வாள்!

தடுப்பூசி போடும் நர்ஸுக்கு மட்டும் சந்தேகம். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். என் மகளுக்கா காது கேட்காது என்று வரிந்துகட்டிக்கொண்டு புருஷன் பேச்சிராஜே கூட்டிவந்தான்.

காது சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் ரைஹானத் தாயையும் பிள்ளையையும் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலி அனுப்ப அனுப்ப, பிள்ளை கச்சிதமாகத் திரும்பியது. பேச்சிராஜுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பின்னாலிருந்து தட்டைத் தட்டிப் பார்த்து முடிவு கட்டிய காலம் மலையேறிவிட்டது. பிள்ளையோடு சேர்த்துத் தாயையும் கவனி என்று ரைஹானத்துக்குப் படிக்கும்போதே சொல்லித் தந்திருந்தார்கள். ஹெட்போனோடு உள்ளே வந்தாள். எல்லா அம்மாமாருக்கும் மாட்டுவதுதான், பாட்டு ஓடும் என்றாள்.

பாட்டு முத்துராணியின் காதை அடைத்தது. ஒலி எப்போது வருகிறது, எந்தப் பக்கம் வருகிறது, ஒன்றும் தெரியவில்லை. விரல் அப்படியே நின்றது. பிள்ளை தன்போக்கில் பொம்மையைச் சப்பிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் புருஷன் முகம் வெளுப்பதைத்தான் அவள் பார்த்தாள்.

ரைஹானத் ஹெட்போனைக் கழற்றியபடி பைய அவள் காதோரம் சொன்னாள்: "இப்பமே காதுல மிஷின் மாட்டுனா பேச்சு வர வழியிருக்கு தங்கச்சி. தள்ளிப்போட்டாத்தான் கஷ்டம்."

சோதிக்கும் மிஷினில்தான் கோளாறு என்று பேச்சிராஜ் சண்டைக்கு வந்தான். நானே கூப்பிட்டுக் காட்டுகிறேன் என்று முதுகுப்பக்கம் போய் நின்று பிள்ளையின் பெயரைச் சொன்னான். முத்துராணியின் விரல் அந்தச் சின்ன முதுகில்தான் இருந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். அவள் கையை எடுத்துவிட்டாள். அவன் மறுபடி கூப்பிட்டான். மறுபடியும்.

"கூப்பிடாதிய," என்றாள் முத்துராணி. "உங்க குரலுக்கு அவ ஒருநாளும் திரும்புனதில்ல. நான்தான் முதுகுல அழுத்துவேன்."

அவன் கத்தவில்லை. முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தான். அப்பனைக் கண்டதும் பிள்ளை பொம்மையைப் போட்டுவிட்டுத் தாவியது.

"தெனமும் வண்டிய விட்டு எறங்கும்போதே கூப்பிடுதேனே. அது யாருக்குக் கேட்டுச்சு?"

"எனக்குத்தான்."

பேச்சிராஜ் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு ரைஹானத்தைப் பார்த்தான்.

"மிஷின மாட்டுங்க மேடம். மாட்டுனதும் மொதல்ல நான்தான் கூப்பிடுவேன்."