சந்திரம்மாவின் கட்டி

பாஞ்சாலி மூன்றாம் எண் ஆபரேஷன் தியேட்டரின் தரையை உள்மூலையிலிருந்து வாசல் வரை பின்னால் நடந்தபடியே துடைத்துக்கொண்டு வந்தாள். சற்று முன்புதான் ஒரு பெண்ணை வெளியே கொண்டுபோயிருந்தார்கள். ஏசி ஓடியும் தீய்ந்த வாடை போகவில்லை. தட்டில் கிடந்த கருவியின் முனையில் மெல்லிய கம்பிகள் குடைக்கம்பிகள் போல விரிந்திருந்தன.

அது என்ன செய்யும் என்று ஆராய்ச்சிப் பிரிவு தீபிகா விளக்கியிருந்தாள். மார்பை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுப்பார்கள். எடுத்த குழிக்குள் கம்பிகளை விரித்து, சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் சதையைக் கால் மணி நேரம் சூடாக்கிச் சாகடிப்பார்கள். ஓரத்தில் புற்று மிச்சம் இருந்தால் அதோடு போகும். ஆராய்ச்சி என்பதால் செலவில்லை. நாளைக் காலை எட்டு மணிக்கு, அந்த ஆராய்ச்சியின் கடைசி ஆளாக, பாஞ்சாலி.

"சந்திரம்மா, தீபிகா மேடம் கூப்பிடறாங்க" என்றாள் நர்ஸ்.

பாஞ்சாலி திரும்பினாள். நான்கு வருடமாக அந்தப் பெயருக்குத்தான் திரும்புகிறாள். கான்ட்ராக்டர் ஆபீஸில் புதுப் பெயர் சேர்க்க ஆறு மாதம் ஆகும். வேலையை விட்டு நின்றுபோனவளின் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டால் அன்றே வேலை. சூப்பர்வைசர் எத்திராஜ் பாதிப் பேரை அப்படித்தான் சேர்த்திருந்தான். சந்திரம்மாவின் கன்னடக் கையெழுத்தையும் அவனே எழுதிக் காட்டிப் பழக்கினான்.

தீபிகாவின் கையில் ஆதார் நகல் இருந்தது.

"அக்கா, இதுல பாஞ்சாலின்னு இருக்கே?"

"அதான் என் பேரு."

"அப்ப சந்திரம்மா யாரு?"

"தெரியாது மேடம். பார்த்ததில்ல."

தீபிகா சிரித்தாள். பிறகு ஃபைலைப் புரட்டினாள். ஸ்கேன், ஊசியில் எடுத்த சதைச் சோதனை, எல்லாமே சந்திரம்மா பெயரில். முதல் நாள் பெயர் கேட்டபோது பாஞ்சாலி யோசிக்கவேயில்லை. யூனிஃபார்ம் போட்டால் அதுதான் பெயர்.

"பேப்பர்ல கேன்சர் சந்திரம்மாவுக்கு அக்கா. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல."

"கட்டி எங்கிட்டதானே இருக்கு?"

"இருக்கு. ஆனா வேற ஆள் ரிப்போர்ட்ட வெச்சு லீனா டாக்டர் ஆபரேஷன் பண்ண மாட்டாங்க. மறுபடி டெஸ்ட் எடுத்தா பத்து நாள். மிஷின் நாளைக்கு சாயந்திரமே திரும்பப் போகுது. வெயிட்டிங்ல இருந்தவங்களைக் கூப்பிட்டாச்சு."

"அப்புறம் எனக்கு?"

"கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில முதல்லேருந்து பாருங்க, உங்க பேர்ல. லேட்டானா மார்ப முழுசா எடுக்க வேண்டி வரும்." தீபிகா ஒரு தாளைத் தள்ளினாள். "பேர் விஷயத்த நான் ஆபீஸ்ல சொல்லல. சொன்னா உங்க வேலை போயிடும். நீங்களே வேணாம்னுட்டதா எழுதியிருக்கேன். ஒரு சைன்."

"எந்தப் பேர்ல?"

தீபிகா ஜன்னலைப் பார்த்தாள். "சந்திரம்மான்னே போடுங்க."

பாஞ்சாலி கன்னட எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்தாள்.

அறைக்கு வெளியே பேச்சைக் கேட்டுவிட்ட எத்திராஜ் லிஃப்ட் அருகில் நின்றிருந்தான்.

"நாலு வருஷம் சந்திரம்மாவா சம்பளம் வாங்கினே. ஆபரேஷன்னதும் மகாராணிக்குச் சொந்தப் பேரு வேணுமா?"

"அவங்கதாண்ணா ஆதார் கேட்டாங்க."

"வீட்ல இருக்குன்னு சொல்றதுதானே. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணத் தெரியல. வெளிய மூச்சு விட்டே, முப்பது பேரு வயித்துல அடிச்சவ ஆயிடுவே. நாளைக்கு லீவு கேட்டேல்ல, அது வேணாம் இப்ப. ஆறு மணிக்கு வந்துடு."

ஸ்ரீராம்புரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து ஆறு மணிக்கு வந்துவிட்டாள். மூன்றாம் தியேட்டர் வாசல் பலகையில் முந்தின நாளே எழுதிவைத்திருந்தார்கள்: சந்திரம்மா, 44, இடது மார்பு, எட்டு மணி.

"அத அழிச்சிடு" என்றாள் நர்ஸ், புதுச் சீட்டைப் பார்த்தபடி. மார்க்கர் மை காய்ந்துபோயிருந்தது. பாஞ்சாலி ஸ்பிரிட் தொட்டுத் துணியால் இரண்டு முறை தேய்த்தாள்.

எட்டு மணிக்கு ஒரு பெண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாஞ்சாலி வாளியோடு சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள். கதவு மூடியது. ஒன்பதரைக்குக் கதவிடுக்கு வழியே தீய்ந்த வாடை வந்தது. அவள் எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கால் மணி நேரம்.

தையல் முடிந்து அந்தப் பெண்ணை வெளியே கொண்டுபோனதும் உள்ளிருந்து குரல் வந்தது.

"சந்திரம்மா, க்ளீனிங்."

அவள் மாப்பை நனைத்துப் பிழிந்துகொண்டு உள்ளே போனாள்.